இரண்டாவது மாசு

நனைத்த பஞ்சை உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அண்ணனின் மூச்சு நின்றது. தங்கை மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஏழில் மூச்சு திரும்பி வந்தது. காலையில் நாலு எண்ணுவதற்குள் வந்துகொண்டிருந்தது.

"பயப்படாத," என்றார் கண்ணைத் திறக்காமல். "இன்னும் இருக்கேன்."

"எனக்கென்ன பயம்?" என்றாள். பஞ்சு கைநழுவித் தரையில் விழுந்தது.

இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணன் இயற்பியல் பேராசிரியர். கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தவர். அவள் தையல்காரி. அறையின் குறுக்கே, ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர்க் கொக்கிவரை நெஞ்சுயரத்தில் கட்டியிருந்த எலாஸ்டிக் பட்டை அவள் தைத்துக் கொடுத்ததுதான். அதில் இருநூறு பின்னல் ஊசிகள் வரிசையாகத் தொங்கின. ஒரு முனையை முழுச்சுற்று சுற்றிவிட்டால், அந்தத் திருகல் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கி இறக்கிக்கொண்டே மறுமுனைக்கு ஓடும். ரெண்டு முனையும் இறுகக் கட்டியிருக்கும்வரை திருகலை நகர்த்தலாம், அழிக்க முடியாது. அதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணனுக்குப் பல்லெல்லாம் தெரியும்.

நடுவில் ஓர் ஊசியில் பித்தளை மணி கோத்திருந்தது. அதற்கு மாசு என்று பெயர் வைத்திருந்தார். முதல் தடவை கேட்டபோது அவள் துடைக்கத் துணி எடுத்து வந்துவிட்டாள். ஒரே மாதிரி ஊசிகளுக்கு நடுவே வேறு மாதிரி ஒன்று இருந்தால் திருகல் தாண்டுமா, திரும்புமா, மாட்டிக்கொள்ளுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி, அவருடைய மாணவியின் ஆய்வேடும்கூட.

"நாலு மணிக்கு அந்தப் பொண்ணு வரும்," என்றார். "மூணாவது அத்தியாயத்த எடுத்துடச் சொல்லு."

"ஏண்ணா? அஞ்சு வருஷ உழைப்பாச்சே அது."

"கணக்கு தப்பு. மணியத் தாண்டினா நேரா போயிடணும். போகல. கொஞ்ச தூரம் போய்த் திரும்புது. ரெண்டு வருஷமா பாக்குறேன்."

அந்த இடம் அவளுக்குத் தெரியும். மணிக்கு அப்பால் ரெண்டு சாண். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டையைத் தைத்து முடிக்கும்போது ஓர் ஊசி குறைந்தது. அவரோ மறுநாள் காலையில் வகுப்புக்கு வேண்டும் என்று பிடிவாதம். கடையில் கிடந்த ஒரு தடி ஊசியை அளவாக வெட்டி, மற்றவற்றைப் போலவே சாயம் பூசிக் கோத்துவிட்டாள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வீட்டை ரெண்டாக்கும் மனிதர். சொன்னால் தொலைந்தோம் என்று வாயை மூடிக்கொண்டாள், அப்புறம் மறந்தும் போனாள்.

அதிர்ச்சி தரும்படி எதுவும் பேசக்கூடாது என்றிருந்தார் டாக்டர். சொன்னால் இந்த மூச்சும் நின்றுவிட்டால்? சொல்லாவிட்டால் கணக்கு தப்பு என்று நம்பிக்கொண்டே போய்விடுவார், அந்தப் பெண்ணின் அஞ்சு வருஷமும் போய்விடும். அறுபது வயதில் பள்ளிப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணா, திட்டாத."

"ம்?"

"அங்க ஒரு ஊசி தடியானது. நான்தான் வச்சேன். உன்கிட்ட சொல்லல."

அவருக்கு மூச்சு வரவில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு... ஒன்பதில் ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று பதறிக் குனிந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது மாசு," என்றார். "அடிப்பாவி. ரெண்டு வருஷம்..." சிரிப்பு அடங்க நேரமானது. "அப்ப கணக்கு சரி."

"சரிதான்ணா."

"பயந்துட்டியா?"

"ஆமா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றார். அண்ணன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்தி விடு."

எழுந்துபோய் முனையைச் சுற்றி, துணிக் கிளிப்பால் இறுக்கினாள். திருகல் ஓடியது. மணியிடம் தயங்கித் தாண்டியது. தடி ஊசியில் முட்டித் திரும்பியது. மணியை மறுபடி தாண்ட வலு இல்லை.

"எங்க இருக்கு?"

"ரெண்டுக்கும் நடுவுல. போகவும் இல்ல, வரவும் இல்ல."

"இருக்கட்டும். அதையும் எழுதச் சொல்லு."

அவள் திரும்பி வந்து கையைப் பிடித்து எண்ணினாள். பத்து. இருபது. நிறுத்தப் பயந்து இருநூறுவரை எண்ணினாள். மூச்சு திரும்பவில்லை.

நாலு மணிக்கு மாணவி வந்தாள். தங்கை சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கட்டிலருகே தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு டிரைவர் ஸ்ட்ரெச்சரும் ஆட்களுமாக வந்தார். "அம்மா, இந்தப் பட்டைய அவுத்துடுங்க. ஐயாவத் தூக்கிட்டுப் போக இடைஞ்சலா இருக்கு."

அவள் கை கிளிப்வரை போனது. ஊசிகளில் ஏழெட்டு இன்னும் தலைகீழாக நின்றிருந்தன. ஒரு முனையை விட்டால் போதும், எல்லாம் சரசரவென்று நேராகிவிடும்.

"வேணாம்ப்பா. குனிஞ்சு போயிடுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஸ்ட்ரெச்சரை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, முதுகை வளைத்து, ஒவ்வோர் அடியாகப் பட்டைக்குக் கீழே நகர்ந்தார்கள். கடைசி ஆளின் தோள் உரசிவிட்டது. ஊசிகள் ஆடின. அவை நிற்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.