ஓரகத்திக்கு வந்த படபடப்பு

சலவைக் கடை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. இஸ்திரி மேசைகளில் நின்றது அவர்களுடைய மனைவிமார். மூத்தவளுக்கு இளையவளைக் கண்டாலே ஆகாது. இளையவள் தும்மினால் வீடே திரும்பிப் பார்க்கும். போதாக்குறைக்கு இப்போது இதய நோய் வேறு அவளுக்கு வந்து சேர்ந்தது.

"இதயத்தோட மேல் அறை ஒழுங்காத் துடிக்காம நடுங்குதாம். உள்ள ரத்தம் தேங்கி உறைஞ்சா, மூளைக்குப் போய் அடைச்சிடுமாம். அது வராம இருக்கத்தான் மாத்திரை" என்று கொழுந்தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். வேளை தவறாமல் பெண்டாட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். மூத்தவளின் புருஷனோ, "அந்த மூட்டைய நீ தூக்கேன், பாவம், அவளுக்கு முடியல" என்றான். மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

இளையவள் நாடி பார்ப்பதைப் போல ஒருநாள் மூத்தவளும் தன் மணிக்கட்டில் விரலை வைத்தாள். துடிப்பு தறிகெட்டு ஓடியது, தடுக்கியது, நடுவில் ஒன்றைக் காணவே காணோம். சொல்லலாமென்று வாயெடுத்தாள். 'அவளுக்கு வந்ததும் இவளுக்கும் வந்துடுச்சு பாரு' என்று சிரிப்பார்களே! வியாதியிலும் அவளுக்குப் பின்னால் போய் நிற்பதா? வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு காலையில், மடித்துக்கொண்டிருந்த சட்டை நழுவி விழுந்தது. வலது கை சொன்னபடி கேட்கவில்லை.

எதிர் மேசையிலிருந்து இளையவள் ஓடிவந்தாள். "அக்கா, என்னைப் பாருங்க. கொஞ்சம் சிரிங்க."

உன்னைப் பார்த்து நான் எதுக்குடி சிரிக்கணும் என்று கேட்கத்தான் நினைத்தாள். வெறும் குழறல்தான் வந்தது.

"வாய் கோணுது! ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க! குடிக்க ஒண்ணும் குடுக்காதீங்க!" இளையவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

ஆஸ்பத்திரியில், மூளையில் அடைத்திருந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து உடனே ஏறியது. இரண்டொரு நாளில் பேச்சு திரும்பியது. விரல்களில் மட்டும் மரமரப்பு தங்கியது.

"இவங்க சுதாரிச்சுக் கொண்டு வந்ததாலதான் பிழைச்சீங்க" என்று டாக்டரம்மா இளையவளின் தோளைத் தட்டினார். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"செத்துப் பிழைச்சது நான். நல்ல பேரு இவளுக்கா?" என்றாள் மூத்தவள்.

எல்லோரும் வெளியே போனபின் இளையவளை அருகில் அழைத்தாள். "துடிப்பு தடுக்குறது எனக்கு முன்னமே தெரியும். உன்னைப் பாத்து நடிக்கிறேன்னு சொல்லுவாங்கன்னு மறைச்சிட்டேன்."

இளையவள் சிரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பொலபொலவென்று அழுதாள். அவள் தனக்காக அழுவது மூத்தவளுக்குக் கூச்சமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.