பரங்கிக்காய் டிராகனின் வால்

ஏழாம் மேசையிலிருந்து எச்சில் தட்டில் தின்னாமல் திரும்பி வந்த முள்ளங்கிக் கொக்கு, பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் நின்று இறகை உதறிவிட்டு ஜன்னல் வழியே பறந்து போனது. சாரல் அடிக்கிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்று முதலாளி கத்திக்கொண்டிருந்ததால் கொக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செதுக்கியவள் மட்டும் கத்தியைக் கீழே வைத்தாள். நூடுல்ஸும் சூப்பும் விற்கும் அந்த உணவகத்தில் தட்டுகளை அலங்கரிப்பது அவள் வேலை. அடுக்களையில் அவளுக்குப் பூக்காரி என்று பெயர். வெங்காயத்தாளைக் கீறி ஐஸ் தண்ணீரில் சுருள விடுவாள், கேரட்டில் மீனும் வெள்ளரியில் விசிறியும் செய்வாள். பார்க்கத்தானே, தின்னவா போகிறார்கள் என்று அலங்காரத்துக்கு உப்புகூடப் போடுவதில்லை. அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். தின்றது அடங்கிவிடுகிறது, ஓரமாக ஒதுக்கியதுதான் எழுந்து நடமாடுகிறது என்பது அவளுக்குப் பிடிபட அந்த மழைக்காலம் முழுக்க ஆனது.

கேரட் மீன்கள் தொட்டியில் நீந்தின, போகட்டும் என்று விட்டாள். ஆனால் பள்ளி விட்டதும் மகள் அடுக்களை மூலையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. யாரோ ஒதுக்கிய மிளகாய்ப் பூ ஒன்று அவள் விரலைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. பூக்காரி அதைப் பிய்த்தெடுத்தாள். அன்றிலிருந்து எல்லாவற்றையும் வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறவைத்து, வறுத்த எள் தூவி அனுப்பினாள். தட்டுகள் வழித்து நக்கியதுபோல் வந்தன. இரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு ஒரு கல்யாண விருந்து வந்தது.

“பரங்கிக்காய்ல டிராகன் வேணும், மேசை நீளத்துக்கு” என்றார் முதலாளி.

“ஊறவச்சுத் தரேன் சார்.”

“நிறம் வெளுத்துடும்மா. அதை யாரு திங்கப் போறாங்க? போட்டோவுக்குத்தான்.”

மாட்டேன் என்றால் வீட்டில் அடுப்பெரியாது. நகங்களை மழுங்கலாகச் செதுக்கினாள்; முதலாளி பார்த்துவிட்டுக் கூராக்கச் சொன்னார். வேண்டுமென்றே கோணலாகக் கீறிய இடத்திலெல்லாம் செதில் அழகாக விழுந்து தொலைத்தது.

விருந்தினர்கள் படம் எடுத்தார்கள், கோழியையும் மீனையும் ஒரு கை பார்த்தார்கள், இடம் பற்றவில்லை என்று டிராகனை மேசையோரம் தள்ளினார்கள். அடுக்களைக் கதவிடுக்கில் மகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிராகனின் கண் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. பூக்காரி அத்தனை பேர் நடுவே ஓடிப்போய் அதன் முகத்தைக் கடித்தாள். பச்சைப் பரங்கிக்காய், ஆனாலும் மென்று விழுங்கினாள்.

“உனக்கென்ன பைத்தியமா?” என்று முதலாளி பாய்ந்து வந்தார்.

“நீங்களும் தின்னுங்க சார், உங்க கால்ல விழறேன்” என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு அழுதாள்.

இதுவும் ஒரு சடங்கு போலிருக்கிறது என்று நினைத்த கல்யாணப் பெண் எழுந்து வந்து ஒரு காலை ஒடித்துத் தின்றாள். அப்புறம் மாப்பிள்ளை, மாமனார், சித்தப்பாக்கள் என்று ஆளுக்கொரு துண்டு. நகம் போனது, வயிறு போனது. வாலுக்கு மட்டும் யார் வயிற்றிலும் இடமில்லை.

அது இன்றும் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. வாய் இல்லாததால் கடிக்காது. மகள் கணக்குப் போடும்போது அவள் கணுக்காலைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். பூக்காரிக்குப் பயம் விட்டபாடில்லை. கடை சாத்துமுன் குனிந்து, வெட்டுவாயில் தலை முளைத்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். பிறகு, காய்ந்துவிடக் கூடாதே என்று ஈரத்துணியைப் போர்த்திவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள்.