அத்தான் சட்டையில் ஒட்டிய பாசி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. சாப்பாட்டு மேசையில் அக்கா சொன்னதைச் சுட்டது. அவள் கடற்பாசி ஆராய்ச்சியாளர். ஆளில்லாத் தீவுகளைச் சுற்றி, வெளிச்சம் மங்கிப்போகும் ஆழத்தில் என்னென்ன பாசிகள் வளர்கின்றன என்று கப்பலில் போய்ப் பார்த்து வந்தாள். (நான் நீச்சல் குளத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன்.) ஆகவே இப்படித் தொடங்கினேன்:

நீலக் கடல் தன் ரகசியங்களை—

அக்கா எட்டிப் பார்த்தாள். "கடல் அன்னைக்கு சாம்பல் கலர்ல இருந்துச்சு. எனக்கு ஒரே வாந்தி. அதை எழுது."

எழுதிவிட்டேன்.

2

கயிற்றில் இரும்புக் கூடையை இறக்கிக் கடலடியைச் சுரண்டுவார்கள். பெரும்பாலும் கல்தான் வரும். கடைசிக் கூடையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பாசி வந்தது. கப்பலில் எவரும் அதுவரை பார்த்திராத வகை. கிடைத்ததும் அந்த ஒன்றுதான்.

பாசியைத் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் தாளைக் கொடுத்துத் தூக்கி, மேலே வழுவழுப்பான துணி போட்டு அழுத்தி உலர்த்த வேண்டும். தன் பசையாலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். அன்று துணி தீர்ந்துவிட்டது. கப்பல் வேறு ஆடியது. அக்கா கைக்குக் கிடைத்ததைப் போட்டாள்: அத்தானின் பருத்திச் சட்டை.

பாசி தாளை விட்டுவிட்டுச் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டது. உரித்தால் கிழிந்துவிடும்.

3

அத்தான் கோபக்காரர் என்று முதலில் எழுதினேன். சுத்தப் பொய். பிரிட்ஜ் கதவைக்கூட நோகாமல் சாத்துகிற மனிதர். அக்கா கிளம்பியபோது அந்தச் சட்டையைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்தவர்.

"ஞாபகமா இருக்கட்டும்னு குடுத்தேன். கரித்துணியாக்கிட்டா பாரு," என்றார் என்னிடம். அக்கா ஊர் திரும்பிப் பெட்டியைத் திறந்த நாள் அது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு "உப்பு வேணுமா?" அளவில்தான்.

(இதை அடைப்புக்குறிக்குள்தான் எழுத வேண்டும் என்று அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள். சட்டை ஏன் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது? அது அவள் தலையணைக்கடியில் இருந்தது. தினமும் அதில் முகம் புதைத்துத்தான் தூங்கினாளாம். "அத்தான்கிட்ட சொல்லிடேன்." "போடா, இந்த வயசுல! வெக்கமா இருக்கு.")

4

முடிவு அ: அருங்காட்சியகம் சட்டையோடு எடுத்துக்கொள்கிறது.

முடிவு ஆ: சாதாரணப் பாசிதான் என்று தெரிந்து, சட்டை சலவைக்குப் போகிறது.

முடிவு இ: கருத்தரங்க மேடையில் அத்தான் அதைப் போட்டுக்கொண்டு— வேண்டாம், அக்கா அடிப்பாள்.

நடந்தது என்னவென்றால், நேற்று அக்கா கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள்.

"பையை மட்டும் வெட்டிக்கட்டுமா? இதைப் பதிவு பண்ணியாகணும்."

"உன் இஷ்டம்," என்று அத்தான் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அதன்பின் அவள் கை கத்தரிக்கோலைத் தொடவில்லை.

5

என் கதைகளை முதலில் படிப்பவர் அத்தான்தான். ஆனால் அடைப்புக்குறியைக் கண்டால் தாண்டிவிடுவார். "முக்கியம்னா வெளியவே எழுத மாட்டியா?" என்பார். அக்கா சத்தியம் வாங்கியதன் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

இதோ, அடுத்த அறையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான் வாக்குக் கொடுத்தவன். அந்த இரண்டு வளைகோடுகளையும் தொட முடியாது. நீங்கள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. எழுதியிருப்பது பென்சிலில். ரப்பர் கத்தரிக்கோலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.