மலையும் மளையும்

செல்வப்பிரியா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேல்காட்டுக்குக் காவலுக்குப் போன கணவன் சுடலைமணி. கரகரப்புக்கு நடுவே, "ஏ புள்ள, மலை வருது" என்றான்.

தேவிகுளத்துத் தேயிலைக்காட்டில் மழையை மளை என்பார்கள். அவள் காதில் அதுதான் விழுந்தது. "இங்கயுந்தான் வருது. சோறு ஆறுமுன்ன வாங்க" என்று சிரித்தாள்.

வந்தது மலைதான். சரிந்து அவனைக் கொண்டுபோயிற்று.

அடுத்த வருடம் சுஜின் என்ற எஞ்சினியர், மண் நகர்ந்தால் ரேடியோவில் சொல்லும் பெட்டியொன்றைச் சரிவில் புதைத்தான். அதைக் கேட்கும் பெட்டியை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அவள் வீட்டில் வைத்தான்.

"மளையில சிக்னல் ஒடையாதா தம்பி?"

"ஒடையும் சேச்சி. அதான் 'சரி'க்கு ஏழு பூஜ்யம், 'ஆபத்து'க்கு ஏழு ஒண்ணு. மூணு வரைக்கும் மாறிப்போனாலும், எதுக்குப் பக்கமோ அதுன்னு பெட்டியே திருத்திக்கும்."

அவள் பெட்டியையே பார்த்தாள். "அப்ப ரெண்டு சொல்லும் தூரத்தூரமா இருக்கணும். மலையும் மளையும் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கப்பிடாது."

சுஜின் திருகுளியைக் கீழே வைத்தான். "வித்தை மொத்தமும் அதுதான் சேச்சி" என்றான்.

ஆடியில் ஒரு காலை. மழை கொட்டியது. பெட்டித் திரையில் எண்கள் வந்து விழுந்தன. ஒன்று, ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், ஒன்று, ஒன்று. இரண்டு உடைந்திருந்தன. அடுத்த வரியில் ஏழும் ஒன்றாயின. சிவப்பு விளக்கு எரிந்தது.

"திருத்திருச்சு" என்றாள் யாருமில்லாத வீட்டில். வாசலுக்குப் பாய்ந்தாள்.

"மலை வருது!"

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "வந்தா வரட்டும்டி. மளைக்குக் கரையவா போறோம்?"

செல்வப்பிரியா ஒரு நொடிதான் நின்றாள். உடனே தட்டும் கரண்டியுமாக லயம் நெடுக ஓடினாள். "மண்ணு சரியுது. பாறை உருளுது. காடு எறங்குது. புள்ளைகளத் தூக்கிட்டு ஆபீஸ் மைதானத்துக்கு ஓடுங்க." ஒன்று காதில் உடைந்தாலும் இன்னொன்று போய்ச் சேரட்டும். கதவுகள் படபடவெனத் திறந்தன. அவள் குரலுக்குச் சிறகு முளைத்திருந்தது.

கடைசி ஆளும் மைதானம் சேர்ந்த பிறகுதான் பின்னால் இரைச்சல் எழுந்தது. லயத்தின் பாதியை மண் மூடியது. உள்ளே ஒருவரும் இல்லை.

பேச்சியம்மாள் மூச்சு வாங்கினாள். "ஏட்டி, ஒன் பெட்டிக்கு வாய் இருந்தா சீனி போட்டிருப்பேன்." செல்வப்பிரியா அழுதுகொண்டே சிரித்தாள்.

சற்றுக் கழித்துப் பேச்சியம்மாள் வெறுங்கையை நீட்டிப் பார்த்தாள்.

"மளை விட்டுருச்சு" என்றாள்.