ஃபிட்ஜெட் என்று எழுதினேன்

எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். இவ்வளவுக்கும் காரணம் அதுதான். தெரியாமலே இருந்திருக்கலாம்.

அப்போது ஒரு ஆஸ்பத்திரி ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். வேலைக்கு ஆள் எடுக்கிற நாளில் மேனேஜருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். அவர் கேள்வி கேட்பார், நான் பாரம் நிரப்புவேன். அந்தப் பாரத்தில் ஏழாவது கட்டம், வந்தவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பதற்கு. அதை இங்கிலீஷில் எழுத வேண்டும். மற்றவர்களாக இருந்தால் ‘நெர்வஸ்’ என்று ஒரே வார்த்தையில் கையைக் கழுவிவிடுவார்கள். நான் அப்படி விடுகிற ஆளா? டிக்‌ஷனரியைப் புரட்டிப் பட்டியலே போட்டு வைத்திருந்தேன். கையையோ காலையோ சும்மா வைத்திருக்க முடியாமல் எதையாவது நோண்டிக்கொண்டிருந்தால் ஃபிட்ஜெட். கேள்வி சுட்டு, நாற்காலியில் நெளிந்தால் ஸ்குவர்ம். கண்ணோ உதடோ வெடுக்கென்று துடித்தால் ட்விட்ச். காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தால் ஷஃபிள்.

“உங்க பாரத்தப் படிச்சா ஆளையே நேர்ல பாத்த மாதிரி இருக்கும்மா” என்பார் மேனேஜர். அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டாம், வயிறு நிறைந்துவிடும்.

வீட்டிலாவது சும்மா இருந்தேனா? வீட்டுக்காரர் பேப்பர் படித்தபடி காலாட்டினால், “ஃபிட்ஜெட் பண்ணாதீங்க” என்பேன்.

“காலாட்டாதீங்கன்னு சொன்னா எனக்குப் புரியாதா? இதுக்கு இங்கிலீஷ் வேறயா?” என்று இன்னும் வேகமாக ஆட்டுவார் மனுஷன்.

எங்கேயோ போய்விட்டேன். துணி அறைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. படுக்கை விரிப்பு, தலையணை உறையெல்லாம் எண்ணி வார்டுக்குக் கொடுத்து, அழுக்கானதை எண்ணி வாங்குகிற வேலை. கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி சின்னப் பெண். இன்னொருவர் ஐம்பதை ஒட்டிய அம்மா. ஒரு விடுதியில் பதினொரு வருஷம் இதே வேலை பார்த்தவர். விடுதியை மூடி எட்டு மாதமாகிறது, ஏறாத படி இல்லை என்றார்.

மேனேஜர் இருவருக்கும் ஒரே கேள்வியைப் போட்டார். “நாலு வார்டு. ஒவ்வொண்ணுலயும் இருபத்தாறு கட்டில். கட்டிலுக்கு ரெண்டு விரிப்பு, ஒரு உறை. மொத்தம் எத்தன உருப்படி?”

அந்த அம்மா மேனேஜரின் முகத்தை நேராகப் பார்த்தபடிதான் இருந்தார். மடியில் கிடந்த வலது கை மட்டும் ஓயவில்லை. கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது.

“முந்நூத்திப் பன்னெண்டுங்க சார்” என்றார். சரியான விடை.

நான் ஏழாவது கட்டத்தில் எழுதினேன்: ஃபிட்ஜெட்.

சின்னப் பெண் ஒரு காகிதம் கேட்டு வாங்கி, எழுதிப் பார்த்து, அதே விடையைச் சொன்னாள். பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ‘அமைதி’ என்று இங்கிலீஷில் எழுதினேன்.

இருவரும் வெளியே போனதும் மேனேஜர் பாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ரெண்டு பேரும் சமமாத்தான் இருக்காங்க. அந்தம்மாவுக்குப் படபடப்பு போல. வார்டுல நர்ஸுங்க நாலு பக்கமும் கத்துவாங்க, தாங்குவாங்களா?”

“ஆமா சார், கை நிக்கவே இல்ல” என்றேன். அவர் என்னைக் கேட்கக்கூட இல்லை. நானாகச் சொன்னேன். சின்னப் பெண்ணின் பேரில் லிஸ்ட் அடிக்கச் சொன்னார், அடித்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து, மகள் ஊரிலிருந்து வர எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார்.

“என்ன, கை நிக்க மாட்டேங்குது? ஃபிட்ஜெட்டா? பாரத்துல எழுதிடட்டுமா?”

“எண்ணிக்கிட்டிருக்கேன், சும்மா இருங்க” என்று சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் மோதிர விரலின் நடுக் கணுவில் நின்றது. விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. என் அம்மா எண்ணியதும் இப்படித்தான், நான் எண்ணுவதும் இப்படித்தான். அந்த அம்மா கட்டிலை எண்ணியிருக்கிறார். அதை என் கண்ணால் பார்த்துக்கொண்டே வேறு வார்த்தையை எழுதியிருக்கிறேன்.

காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று மேனேஜர் அறைக்குப் போனேன்.

“வாங்கம்மா. நேத்து உங்க குறிப்பு மட்டும் இல்லன்னா நான் அந்தம்மாவத்தான் எடுத்திருப்பேன். நல்ல வேள” என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக.

“சார், அது வந்து…”

“என்ன?”

“லிஸ்ட் அடிச்சிட்டேன் சார். கையெழுத்து வேணும்.”

போட்டுக் கொடுத்தார். அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் நான்தான்.

மத்தியானம் அந்த அம்மா வந்து பலகையைப் பார்த்தார். பிறகு என் ஜன்னலுக்கு வந்தார். “கோவிச்சுக்காதம்மா. கணக்கத் தப்பாச் சொல்லிட்டனா?”

“இல்லம்மா, சரியாத்தான் சொன்னீங்க.”

“அப்புறம் எதுல போச்சு? தெரிஞ்சா அடுத்த எடத்துலயாவது திருத்திக்குவேன்.”

‘இடம் ஒன்றுதான் இருந்தது’ என்று சொல்லியிருந்தாலும் நம்பிப் போயிருப்பார். என் நாக்கு சும்மா இருக்கவில்லை. “கை அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சுன்னு…”

அவர் தன் கையைப் பார்த்தார். யாரோ பிடித்துக் கொடுத்த திருட்டுச் சாமானைப் பார்ப்பது போல. பிறகு அதைத் தோள்பைக்கு அடியில் நுழைத்துக்கொண்டார். “பழக்கம்மா. இனிமே அடக்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அந்தக் கையை வெளியே எடுக்காமலே வாசலைத் தாண்டிப் போனார்.

அதற்கு அப்புறம்தான் மேனேஜரிடம் ஓடிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்தப் பொண்ணு பதினோரு மணிக்கே வேலையில சேந்துட்டாளே. காலைல வந்தீங்களே, அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பையை வைத்தேன். வீட்டுக்காரர் காலாட்டிக்கொண்டிருந்தார், ஆட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அவரே கேட்டார். “பொண்ணு வர எத்தன நாளுன்னு எண்ணுனியே, எவ்வளவு வந்துச்சு?”

“காகிதமும் பேனாவும் எடுத்துட்டு வாங்க” என்றேன். “எழுதிப் பாத்துச் சொல்றேன்.”