மடித்த இலையின் கனம்

ருக்மணி வாழையிலையை மடித்தாள். அதற்கு முன்பே சோற்றை விரல்களால் அழுத்தித் தட்டையாக்கி, மேலே அப்பளத்தை வைத்து மறைத்திருந்தாள். இலையை மூடிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

பிரெஞ்சு புழங்கும் அந்தத் தீவில், செமின் கிரனியே ஊர்க் கோவிலில் காவடி விரதத்துக்கு மதியம் ஒரு வேளைச் சாப்பாடு. மற்றவர்களுக்குப் பத்து நாளில் முடிந்துவிடும் விரதம் அவளுக்கு இரண்டு வருடங்களாக முடியவேயில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், விரதம் முடித்து எல்லோரும் ஏழு கறி விருந்துக்கு உட்கார்ந்தபோது, முதல் கவளத்தைக் கண்டே அவளுக்குப் பயம் வந்தது. இன்னொரு வேண்டுதல் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அம்மா பொன்னம்மா பூரித்துப் போனாள். பிறகு வெள்ளி, சஷ்டி, கிருத்திகை. விரதம் என்றால் அந்த வீட்டில் எதிர்க்கேள்வி கிடையாது. வயிறு காலியாக இருக்கும்போது, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போலத் தான் சுத்தமாக இருப்பதாக அவளுக்குத் தோன்றும். இப்போது, பத்தொன்பது வயதில், வளையல்கள் முழங்கை வரை ஏறின. தீட்டு நின்று ஒரு வருடமாகியிருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இலை எடுக்க வந்தவள் பூங்காவனம். பகலெல்லாம் கரும்புத் தோட்டத்தில் களையெடுப்பவள், விரத நாட்களில் மட்டும் கோவில் வேலைக்கு வருவாள்.

"உன் இலை மட்டும் ஏண்டி புள்ளத்தாச்சி மாதிரி கனக்குது?"

"இன்னிக்குப் பசியில்லக்கா."

"நேத்தும் இல்ல, முந்தாநாளும் இல்ல. வெளிய நிக்கிற நாயிங்க உன்னத்தான் சாமின்னு கும்பிடுது."

ருக்மணி சிரித்து வைத்தாள். பூங்காவனம் சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் ஆற்றங்கரையிலிருந்து பால்குடம் புறப்பட்டது. தார் சாலை கொதித்தது. கோவில் வாசலை நெருங்கும்போது அவள் நெஞ்சுக்குள் கரையில் போட்ட மீன்போல ஏதோ துள்ளியது. விரல்கள் தாமாக வளைந்துகொண்டன. குடம் நழுவிப் பால் சாலையில் ஓடியது. விழுந்த பிறகும் அவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது.

"அரோகரா! சாமி வந்திருச்சு!"

மேளம் வேகமெடுத்தது. யாரோ நெற்றியில் விபூதியை அப்பினார்கள். அம்மா அவள் காலடியில் கைகூப்பி உட்கார்ந்தாள்.

"முருகா, என்ன குறை வச்சோம்? சொல்லுப்பா."

சாமி இல்லம்மா, நான்தான் என்று சொல்ல ருக்மணி தவித்தாள். நாக்கு புரளவில்லை.

"தள்ளுங்க! சாமியும் இல்ல, பூதமும் இல்ல." பூங்காவனத்தின் குரல். "இந்தப் பொண்ணு சாப்பிடறதே இல்ல. ஒம்போது நாளா இவ இலையத் தூக்குறவ நான்."

"வாய அடக்கு, பூங்காவனம்!" கோவில் தலைவர் வீரசாமி அதட்டினார்.

"அப்புறமா அடக்கிக்கறேன் மாமா. ஜான்-க்ளோட், லாரிய எடு! வித், வித், சீக்கிரம்!" என்று ஓரமாக நின்ற லாரிக்காரனைப் பார்த்துக் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரதம் என்று சொல்லவில்லை, பட்டினி என்றார். ரத்தத்தில் சத்தெல்லாம் வற்றி இதயம் தாளம் தப்பிவிட்டதாம். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாளாம். மறுநாள் பொன்னம்மா ஏழு கறியும் கட்டிக்கொண்டு வந்தாள். நர்ஸ் யொலாந்த் வாசலிலேயே மறித்தாள். "ஒரேயடியாக் குடுத்தா உயிருக்கே ஆபத்து, மதாம். ஸ்பூன் ஸ்பூனாத்தான்." அம்மா அந்தத் தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஊர் முன்னால் தன் இலை பிரிக்கப்பட்ட வெட்கம் ருக்மணியை ஒரு வாரம் எரித்தது. அது அடங்கியபோது அடியில் வேறொன்று இருந்தது. எல்லோரும் அவளைக் கும்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில், ஒருத்தி மட்டும் அவள் இலையைக் கையில் நிறுத்துப் பார்த்திருக்கிறாள். மறக்காமலும் இருந்திருக்கிறாள். அதை நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்தது.

வீடு திரும்பிய பிறகு, தினமும் வேலை முடிந்து வரும் வழியில் பூங்காவனம் வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒரு நாள் பாதியில் ருக்மணியின் கை பழக்கத்தில் இலையை மடிக்கப் போனது. நிறுத்திக்கொண்டு, திறந்தபடியே தள்ளினாள்.

"இன்னும் பாதி இருக்குக்கா."

பூங்காவனம் எழுந்து இலையை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கிப் பார்த்தாள்.

"நேத்தைய விட இன்னிக்கு இது கொஞ்சம் இளைச்சிருக்குடி."

ருக்மணி எட்டி, அந்தக் கைகளிலிருந்த இலையில் ஒரு பூசணித் துண்டை எடுத்து வாயில் போட்டாள். மெல்ல மெல்ல மென்றாள். அவள் விழுங்கி முடிக்கும்வரை பூங்காவனம், தளும்பத் தளும்பப் பால்குடம் ஏந்தியவள்போல, அசையாமல் நின்றாள்.