பட்டியலில் முதல் பெயர்

மெதுவாகப் போங்கள், அவருக்குத் தலை இடிக்கும்.

ரபாப் இதை வேன் ஓட்டிக்கொண்டிருந்த சாச்சாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் அழுதுவிடுவார். அழுதால் கண் மறைக்கும். முன்னால் போகும் வெள்ளை வண்டியின் சக்கரத் தடத்தை விட்டு ஒரு சாண் விலகக் கூடாது என்று நீலத் தொப்பி அமைதிப்படைக்காரர்கள் சாலைத் தடுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். சாலையோரம் வெடிக்காமல் கிடப்பவை எத்தனையென்று அவர்களுக்கே தெரியாது.

பின்னால், பலகையில், கஃபன் துணிக்கு மேல் கம்பளி போர்த்தியபடி வாப்பா கிடந்தார். ஒவ்வொரு குழியிலும் பலகை எழும்பி விழுந்தது. அவள் ஒரு கையை அவர் தலைக்கு அண்டக் கொடுத்திருந்தாள்.

மணி பத்தே கால். பதினொன்றரைக்குள் அடக்கம் முடித்துத் தடுப்புக்கு வெளியே வந்துவிட வேண்டும். எல்லைக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் நீலத் தொப்பிக்காரர்கள் ஐந்து நாள் பேசி வாங்கிய அவகாசம் அது. ஐந்து நாளும் வாப்பா சைதாவில், ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் காத்திருந்தார்.

இன்ஜின் சத்தத்துக்கு மேல் இன்னொரு ரீங்காரம் கேட்டது.

"உம் காமில் வந்துட்டா," என்றார் ஊராட்சி எழுத்தர் முனீர். ஆளில்லா விமானத்துக்கு ஊர் வைத்த பெயர் அது. "ஊர்ல எந்த மையத்து அடக்கத்தையும் அவ தவறவிட்டதில்ல."

"வாயை மூடு, முனீர். உன்னைக் குறிச்சு வச்சிடப் போறா," என்றார் சாச்சா.

"எங்க? வீட்ல இருக்கிறவளே என்னைத் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறா."

குழி வெட்ட வந்த இருவரில் ஒருவன் சிரித்துவிட்டான். ஷேக் தொண்டையைக் கனைத்தார். ரபாபுக்கும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே கையை இன்னும் இறுக்கமாக அண்டக் கொடுத்தாள்.

பதிமூன்று மாதத்துக்கு முன்னால், குண்டு விழுந்துகொண்டிருந்த காலையில், "ரெண்டே நாள், வாப்பா" என்று சொல்லித்தான் அவரைக் காரில் ஏற்றினாள். செருப்பு மாற்றக்கூட விடவில்லை. குளியலறைச் செருப்போடு கிளம்பியவர் சைதாவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், கரும்பலகைக்குக் கீழே, பதிமூன்று மாதம் படுத்திருந்தார். போரில் அவர் ஊரை விட்டு வெளியேறியது அது நாலாவது தடவை. கடைசி வாரம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஊர்ல உங்கம்மா பக்கத்துல விடு. இந்தத் தடவ யார் சொன்னாலும் என்னை வெளிய கூட்டிட்டு வராதே. நீ சொன்னாலும்."

சரி என்றாள். ரெண்டே நாள் என்று சொன்ன அதே குரலில் சொன்னோமோ என்ற கேள்வி அன்றிலிருந்து அவளைத் தூங்க விடவில்லை.

வீடு இருந்த இடத்தைக் கடந்தபோது அவள் தலையைத் திருப்பவில்லை. சாச்சா திருப்பியிருக்க வேண்டும்; வேன் ஒரு நொடி தயங்கிப் பிறகு நகர்ந்தது.

அம்மாவை அடக்கியிருந்த மையவாடியின் சரிவுக்கு மேலே, எல்லையைக் காட்டும் நீலப் பீப்பாய்கள் வரிசையாகத் தெரிந்தன. மண் கல்லாக இருந்தது. பத்தே முக்காலுக்குக் குழி முழங்காலளவுதான் இறங்கியிருந்தது. முனீர் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை வாங்கினார். நீலத் தொப்பி அதிகாரி தூரத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

கபருக்குள் இறங்கிய சாச்சா, வழக்கப்படி அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினார். மேலே நின்று ஷேக் ஓதினார்: "ஹஸனின் மகன் தவ்ஃபீக்கே, கேட்டுக்கொள், விளங்கிக்கொள்..." தூங்குகிறவரை எழுப்புவதுபோல அத்தனை பலமாக ஏன் உலுக்குகிறார் என்று ரபாபுக்குப் பதறியது.

கடைசி மண்ணை அவள் கையாலேயே தள்ளினாள்.

"போதும், வா," என்றார் சாச்சா.

தடுப்பை அடைந்தபோது மணி பதினொன்று இருபது. அதிகாரி குனிந்து ஜன்னல் வழியே விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார். கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் ஜிஸெல் பெயர்ப்பட்டியலை வாங்கிப் பார்த்தாள்.

"ஏழு பேர் போனீங்க. ஆறு பேர்தான் இருக்கீங்க?"

முனீர்தான் மெல்ல, "பெரியவர் பேரையும் போட்டிருந்தேன். முதல்ல," என்றார்.

"இறந்தவரோட பேரையா?"

"அவரை விட்டுட்டு எப்படிம்மா எழுதறது? அவருக்காகத்தானே எல்லாரும் போறோம்!"

உள்ளே போகும்போது உட்கார்ந்திருந்த ஆறும் படுத்திருந்த ஒன்றும் சேர்ந்து கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"நல்லாப் பண்ணீங்க போங்க," ஜிஸெல் நெற்றியில் கை வைத்தாள். "அந்தப் பக்கம் ஏழு பேர் வெளிய வரணும்னு பாத்துட்டிருக்காங்க. ஒருத்தர் உள்ளயே தங்கிட்டார்னு ஆயிடும்." அதிகாரியோடு ஏதோ பேசிவிட்டு ரபாப் பக்கம் வந்தாள். "மகள் நீதானே? பட்டியல்ல இருக்கிற ஏழு பேரும் திரும்பிட்டாங்கன்னு போட்டிருக்கு. இதுல ஒரு கையெழுத்துப் போடு, கண்ணு. இல்லேன்னா இவர் மேலிடத்துல கேட்டு, அவங்க அந்தப் பக்கம் கேட்டு, பதில் வர்றவரைக்கும் தடுப்பைத் தூக்க மாட்டாங்க."

ஏழு பெயர்கள். ஆறுக்கு எதிரே குறி போட்டிருந்தது. முதல் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

"போட்டுடும்மா. என் தப்புதான்," என்றார் முனீர்.

"இன்னும் எட்டு நிமிஷம்தான், ரபாப்." சாச்சாவின் கை ஸ்டியரிங்கை விடவில்லை. மேலே ரீங்காரம் வட்டமடித்துத் திரும்பி வந்தது.

அவள் பேனாவைத் திறந்தாள். நகக்கண்களில் சிவப்பு மண் அப்பியிருந்தது.

"வாப்பா வரல," என்றாள்.

"தெரியும் கண்ணு. வெறும் காகிதத்துக்குத்தானே."

"ஆறு பேர் வந்தோம்னு எழுதிக் குடுங்க. போடறேன்."

ஜிஸெல் அதைச் சொன்னாள். அதிகாரி தலையசைத்து மறுத்தார். காகிதத்தை ஒருமுறை தட்டிக் காட்டினார். கடிகாரத்தையும் தட்டிக் காட்டினார்.

ரபாப் பேனாவை மூடினாள். காகிதத்தின் மேல் வைத்து ஜன்னல் வழியே இரண்டையும் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டாள்.

சாச்சா அவளைப் பார்த்தார். குனிந்து சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். இப்போது மேலிருந்த சத்தம் மட்டும் கேட்டது.